போரை வெறுத்தார்களா, தோல்வியை வெறுத்தார்களா?

தீர்த்தமலை அடிவாரத்து டீக்கடையில் காலை ஏழு மணிக்கு மேல் பெஞ்சில் இடம் கிடைப்பது கஷ்டம். மலையேறப் போகிறவர்கள், இறங்கி வந்து கால் வலிக்கிறது என்பவர்கள், அரூர் பஸ்சுக்கு நிற்பவர்கள் எல்லோரும் அங்கேதான். அன்று டிவியில் ஏதோ ஒரு நாட்டு அதிபரை எதிர்த்து ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். போர் வேண்டாம் என்ற பதாகைகள் மட்டும் தெரிந்தன. கடைக்கார அக்கா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "இத்தனை சனம் வேணாங்குதே, அப்பறம் எதுக்குங்க அந்தாளு நிறுத்த மாட்டேங்கறாரு? ஓட்டுப் போட்டவங்களே வேணாம்னா எறக்கி விட்டுட வேண்டியதுதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி நிமிர்ந்து பார்த்தான். சட்டையெல்லாம் சுண்ணாம்புத் துளி. பக்கத்தில் ஒரு பள்ளிக்கட்டடத்துக்கு வெள்ளையடிக்க வந்தவன். வாணியாறு அணைப் பக்கம் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவன் என்பது பேச்சுவாக்கில் முன்பே எனக்குத் தெரியும். நம் மாவட்டத்து முகாம்கள் பலவும் அணைகளை ஒட்டித்தான் இருக்கின்றன: வாணியாறு, தொப்பையாறு, நாகாவதி. முகாம் ஆட்களில் பெயிண்ட் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். "எங்கம்மாவும் இதையேதாண்ணா கேப்பாங்க. 'அந்தப் பொம்பளைய நம்பினமே, ஏன் நிறுத்தேல்ல?'ன்னு" என்றான்.

அந்தப் பொம்பளை என்று அவன் அம்மா சொல்வது இலங்கை ஜனாதிபதியாக இருந்த சந்திரிகா குமாரதுங்கவை. அக்காவின் கேள்விக்கும் அந்த அம்மாவின் கேள்விக்கும் சேர்த்து, இரண்டு டீ முடியும் வரை பேசினேன். அங்கே விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். நம் நாட்டில் குடியரசுத் தலைவர் இருக்கிறார். முப்படைகளுக்கும் அவர்தான் தலைமைத் தளபதி என்று அரசியல் சாசனம் சொல்கிறது. ஆனால் பிரதமரும் அமைச்சரவையும் சொல்வதன்படிதான் அவர் நடக்க முடியும். போருக்குப் போவதா வேண்டாமா என்று அவராக முடிவெடுக்க மாட்டார். இலங்கையில் ஜனாதிபதி, அமெரிக்காவில் அதிபர் என்று நாம் சொல்கிறவர்கள் அப்படியல்ல. அவர்களை மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். படை அவர்கள் சொல்லுக்கு நகரும்.

இதைப் புரிந்துகொள்ள டெல்லிக்கும் கொழும்புக்கும் போக வேண்டியதில்லை, நம் ஊராட்சியே போதும். கிராம ஊராட்சித் தலைவருக்கு நாம் நேரடியாக ஓட்டுப் போடுகிறோம். ஒன்றியக் குழுத் தலைவருக்கு அப்படிப் போடுவதில்லை. கவுன்சிலர்கள் கூடி அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுன்சிலர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போனால் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து இறக்கிவிடலாம். ஊராட்சித் தலைவர் விஷயம் வேறு. வார்டு உறுப்பினர்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அவர் நாற்காலி அசையாது. ஆட்சியர் விளக்கம் கேட்டு, தாசில்தார் கூட்டம் போட்டு, உறுப்பினர்களின் கருத்தை வாங்கி என்று அது நீண்ட வழி. ஊரே நேராகக் கொடுத்த பதவியைப் பத்துப் பேர் கூடிச் சட்டென்று பறிக்கக்கூடாது என்பதுதான் அதன் நியாயம். அந்த நியாயம் தப்பில்லை. ஆனால் ஊரே மனம் மாறிவிட்டால் என்ன செய்வது? அடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டியதுதான். போர் நடக்கும் நாட்டில் அந்தக் காத்திருப்புக்கு விலை உயிர்.

பிரதமர் பதவி ஒன்றியக் குழுத் தலைவர் பதவி மாதிரி. பிரிட்டனில் 1940 மே மாதம் நார்வேயில் போர் சரியாகப் போகவில்லை என்று நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. ஓட்டெடுப்பில் பிரதமர் சேம்பர்லின் 281க்கு 200 என்று ஜெயிக்கத்தான் செய்தார். ஆனால் சொந்தக் கட்சிக்காரர்களே பலர் எதிராகப் போட்டிருந்தார்கள். ஜெயித்த இரண்டாம் நாள் அவர் பதவியில் இல்லை, சர்ச்சில் வந்துவிட்டார். ஹிட்லர் வாசலுக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில் அது நடந்தது. அமெரிக்காவில் ஜான்சனை அப்படி இறக்க வழியில்லை. வியட்நாம் போர் மேல் வெறுப்பு ஏறிக்கொண்டே போனது. 1968 மார்ச் 31 அன்று, மறுபடி போட்டியிட மாட்டேன் என்று அவரே தொலைக்காட்சியில் சொன்னார். அப்படிச் சொன்ன பிறகும் அடுத்த ஜனவரி வரை அவர்தான் அதிபர். அந்த 1968தான் அமெரிக்கப் படைவீரர்கள் அதிகம் செத்த ஆண்டு: 16,000க்கும் மேல். மக்கள் வெறுத்த பிறகு நடந்த சாவுகள் இவை.

இலங்கையிலும் முதலில் நம்மைப் போலப் பிரதமர் ஆட்சிதான். 1978ல் ஜே.ஆர். ஜெயவர்தன அரசியல் சாசனத்தை மாற்றினார். நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி என்ற பதவி வந்தது. அவரை இறக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் வேண்டும், உச்ச நீதிமன்றம் விசாரித்துக் குற்றம் என்றும் சொல்ல வேண்டும். அவரோ நாடாளுமன்றத்தைக் கலைக்கலாம். 1982ல் பொதுத்தேர்தலே நடத்தாமல், ஒரு வாக்கெடுப்பை வைத்து நாடாளுமன்றத்தின் ஆயுளை இன்னும் ஆறு ஆண்டுக்கு நீட்டிக்கொண்டார் ஜெயவர்தன. தன் கட்சி எம்.பி.க்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களையும் வாங்கி வைத்திருந்தார். இந்த அதிகாரம் குவிந்திருந்த காலத்தில்தான் 1983 இனக்கலவரம் வந்தது, போர் வந்தது, நம் அமைதிப்படையும் போய் வந்தது.

அமைதிப்படை பற்றி இங்கே விரிவாகப் பேசப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையிலேயே ஒரு சிங்களக் கடற்படைச் சிப்பாய் ராஜீவைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். தெற்கே சிங்களக் கட்சியான ஜே.வி.பி. எதிர்த்தது, வடக்கே விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டது, இங்கே தமிழ்நாட்டில் மனம் கசந்தது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். ஈழத்தில் மாண்ட பொதுமக்களின் கணக்கு தனி. 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. யாருக்கும் வேண்டாத போர் எப்படி இருக்கும் என்பதை நாமே பார்த்திருக்கிறோம் என்பதற்காகச் சொன்னேன்.

இனி சந்திரிகா.

அவர் மேல் மக்கள் ஏன் அவ்வளவு நம்பிக்கை வைத்தார்கள் என்று தெரிந்தால்தான் பிறகு வந்த வெறுப்பின் ஆழம் புரியும். அப்பா எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க பிரதமராக இருந்தபோது 1959ல் சுடப்பட்டார். அம்மா சிறிமாவோ 1960ல் உலகின் முதல் பெண் பிரதமரானார். கணவர் விஜய குமாரதுங்க சிங்களத் திரையில் பெரிய நாயகன். தமிழர்களோடு பேசித் தீர்க்க வேண்டும் என்று சொல்லி யாழ்ப்பாணத்துக்கே போய் வந்தவர். 1988 பிப்ரவரியில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தனை சாவை வீட்டுக்குள் பார்த்த ஒரு பெண் சமாதானம் என்று சொன்னபோது அது வெறும் மேடைப்பேச்சாக யாருக்கும் படவில்லை. 1994 ஆகஸ்ட் தேர்தலில் 17 ஆண்டு ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சி போனது. நவம்பர் 9 அன்று நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அவருக்கு 62 சதவீதத்துக்கும் மேல். யாழ்ப்பாணத்தில் மிகக் குறைந்த ஓட்டுகளே விழுந்தன. விழுந்ததில் 96 சதவீதம் அவருக்கு. ஒரு சிங்களத் தலைவருக்கு அங்கே அப்படி ஓட்டு விழுந்தது சாதாரண விஷயமில்லை.

இந்த இடத்தில்தான் அந்தத் தம்பி குறுக்கிட்டான். "அண்ணா, அப்ப யாழ்ப்பாணத்துல சந்திரிகா வளையல்னு ஒண்ணு வித்துச்சாம். அம்மா போட்டிருந்தாங்களாம்."

அக்கா டீ கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். நானும் அதைப் படித்திருக்கிறேன், ஆனால் அதைக் கையில் போட்ட ஒருத்தியின் மகன் சொல்லிக் கேட்பது அன்றுதான். 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. சோப்பு, பேட்டரி, மண்ணெண்ணெய், சிமென்ட் என்று ஒவ்வொன்றுக்கும் தடை. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். அந்த இருட்டுக்குள் 1995 ஜனவரி 8 அன்று சண்டை நிறுத்தம் வந்தது. பொருள்கள் கொஞ்சம் வந்தன. ஒரு ஜனாதிபதியின் பெயரை வளையலுக்கு வைத்து, பெண்கள் அதை வாங்கிக் கையில் போட்டுக்கொண்டது அப்போதுதான்.

நூறு நாள்தான் தாங்கியது. பேச்சில் இரண்டு பக்கமும் நம்பிக்கை குறைந்தது; ஏப்ரல் 19 அன்று திருகோணமலைத் துறைமுகத்தில் புலிகள் இரண்டு கடற்படைப் படகுகளைத் தகர்த்தார்கள். சண்டை மூண்டது. அதற்குக் கொழும்பு வைத்த பெயர் 'சமாதானத்துக்கான போர்'. சமாதானத்துக்கென்று வாங்கிய ஓட்டைக் கொண்டே போரை நடத்தலாம் என்பதற்கு அந்தப் பெயர் ஒரு வழி திறந்துகொடுத்தது. ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் ஒதுங்கியிருந்தவர்கள் மேல் விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அக்டோபர் 30 இரவு, படை நெருங்க நெருங்க, புலிகளும் வெளியேறச் சொல்ல, யாழ்ப்பாண நகரம் இருக்கும் வலிகாமப் பகுதி முழுவதும் கிளம்பியது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம், மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி. ஒரே ராத்திரி. தம்பியின் அம்மா அந்தக் கூட்டத்தில் இருந்தார். வளையல் எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. தென்மராட்சி, கிளிநொச்சி, மன்னார், 1996ல் படகில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு வாணியாறு.

டிசம்பரில் யாழ்ப்பாணம் படையின் கையில் விழுந்தது. தெற்கே கொண்டாட்டம். அப்போது சிங்கள மக்களிடம் அந்தப் போருக்கு ஆதரவு இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. நவாலியோ அந்த இரவு இடப்பெயர்வோ தெற்கில் பெரும்பான்மையோருடைய கோபத்தைத் தொடவில்லை. சாவகாசமாக யோசித்தால் எனக்கு இன்னும் வலிக்கும் இடம் இது.

அப்படியானால் வெறுப்பு எப்போது தொடங்கியது? சவப்பெட்டிகள் வரத் தொடங்கியபோது. 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் ஒரே தாக்குதலில் இறந்தார்கள். 1997 மே 13 அன்று வவுனியாவிலிருந்து ஏ9 சாலையைப் பிடித்துக்கொண்டு வடக்கே போக ஜெயசிக்குறு என்ற நடவடிக்கையைத் தொடங்கினார்கள். 'நிச்சய வெற்றி' என்று அதற்குப் பொருள். ஒன்றரை ஆண்டு இழுத்து 1998 டிசம்பரில் பாதியில் கைவிட்டார்கள். அந்தப் படையில் இருந்தவர்கள் யார்? வியட்நாம் போர்க்கால அமெரிக்காவைப் போலக் கட்டாய ராணுவச் சேவை இலங்கையில் கிடையாது. ஆனால் மழை பொய்த்த வயலும் வேலையில்லாத வீடும் இருந்தால் கட்டாயம் என்று தனியாக ஒன்று எதற்கு? அனுராதபுரம், குருநாகல் பக்கத்து விவசாயி வீட்டுப் பையன்கள்தான் சம்பளத்துக்காகப் போனார்கள். பல்லாயிரம் பேர் படையை விட்டு ஓடினார்கள். திரும்பி வந்தால் தண்டனையில்லை என்று அரசு திரும்பத் திரும்பப் பொதுமன்னிப்பு அறிவிக்க வேண்டியிருந்தது. ஒரு போரை அதில் சண்டை போடுகிறவனே எவ்வளவு நம்புகிறான் என்பதற்கு இதைவிடச் சரியான அளவுகோலை நான் அறியேன். கருத்துக்கணிப்பு எதுவும் தேவையில்லை.

விசாகா தர்மதாச என்று ஒரு தாய். கண்டிப் பக்கத்தைச் சேர்ந்தவர். அவருடைய மகன் இளம் அதிகாரியாக 1998 செப்டம்பரில் கிளிநொச்சிச் சண்டையில் காணாமல் போனான். அந்த ஒரு சண்டையிலேயே நூற்றுக்கணக்கானோர் காணாமல் போனார்கள். செத்தவன் யார் என்று கண்டுபிடிக்கக் கழுத்தில் ஒரு அடையாளத் தகடுகூடப் படையினருக்கு ஒழுங்காக இல்லை. அதைக் கேட்டு அந்தப் பெண் போராடினார். காணாமல் போன படையினரின் பெற்றோரைச் சேர்த்தார். பிறகு போரால் பாதிக்கப்பட்ட பெண்களின் சங்கம் ஒன்றைத் தொடங்கி, மகனை இழந்த தமிழ்த் தாய்மாரையும் அதில் சேர்த்துக்கொண்டார். புலிகளின் தலைமையைப் பார்க்க வன்னிக்கும் போனார். தகடு கேட்டுத் தொடங்கிய ஒரு தாய் எதிர்ப்பக்கத்துத் தாயின் கையைப் பிடிக்கும் வரை நடந்திருக்கிறார். தெற்கில் எழுந்த போர் வெறுப்பில் நான் தலைவணங்குவது இந்த வழிக்குத்தான். ஆனால் இது சிலரின் வழி. பலரின் கோபம் வேறு கணக்கில் ஓடியது.

அது விலைவாசிக் கணக்கு. பாதுகாப்புக்கென்று தனி வரி இருந்தது. கடையில் வாங்குகிற சாமானின் விலைக்குள் அது ஒளிந்திருந்தது. 1999 நவம்பரில் புலிகளின் ஓயாத அலைகள் நடவடிக்கையில், படை ஒன்றரை ஆண்டு உயிர் கொடுத்துப் பிடித்த வன்னி நிலம் சில நாளில் போனது. டிசம்பர் 18 அன்று கொழும்பு நகர மண்டபக் கூட்டத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது. சந்திரிகாவின் வலது கண் பார்வை போனது. மூன்றாம் நாள் தேர்தல். ஜெயித்தார், ஆனால் 62 இருந்த இடத்தில் 51. 2000 ஏப்ரலில் அசைக்க முடியாதது என்று சொல்லப்பட்ட ஆனையிறவுப் படைமுகாம் வீழ்ந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. ஆகஸ்ட்டில் அவர் கொண்டுவந்த புதிய அரசியல் சாசன வரைவை நாடாளுமன்றத்துக்குள்ளேயே எதிர்க்கட்சி எம்.பி.க்கள் கொளுத்தினார்கள். அந்த வரைவில் அதிகாரப் பகிர்வு இருந்தது என்பதும், கொளுத்திய கட்சிதான் அடுத்த ஆண்டு சமாதானக் கொடியைத் தூக்கியது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

2001 எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்தது. மழை இல்லை, அதனால் மின்சாரம் இல்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரும் என்று தெரிந்ததும் ஜூலையில் ஜனாதிபதி நாடாளுமன்றத்தை ஒத்திவைத்தார். எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் மேல் போலீஸ் சுட்டது, இருவர் செத்தார்கள். ஜூலை 24 விடியலில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குள் புலிகள் புகுந்தார்கள். போர் விமானங்களோடு ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸின் பயணிகள் விமானங்களும் எரிந்தன. அந்த நிறுவனத்திடம் இருந்ததே பன்னிரண்டுதான், பாதிக்கு நெருக்கமாக அழிந்தும் சேதமாகியும் போயின. கப்பலுக்கும் விமானத்துக்கும் காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. சுற்றுலாப் பயணிகள் வரவில்லை. சுதந்திரம் பெற்ற பிறகு முதல் முறையாக அந்த ஆண்டு இலங்கையின் பொருளாதாரம் வளராமல் சுருங்கியது. கொழும்பு வியாபாரிகள் போரை வெறுக்கத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். வன்னியில் எரிந்தபோது எட்டாத வெப்பம் விமான நிலையத்தில் எரிந்தபோது எட்டியது.

"சரிங்க, அப்பவாச்சும் எறக்கினாங்களா?" என்றார் அக்கா.

அவரை இறக்க முடியவில்லை. அவருடைய கட்சியை இறக்கினார்கள். அக்டோபரில் அவருடைய அமைச்சர்களே சிலர் எதிர்வரிசைக்குப் போனார்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிச்சயம் ஜெயிக்கும் என்ற நிலை. ஒரு தேர்தல் நடந்து ஓராண்டு ஆகாமல் நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாது என்று அப்போது விதி இருந்தது. அதற்கு முந்தைய தேர்தல் நடந்தது 2000 அக்டோபர் 10. அவர் கலைத்தது 2001 அக்டோபர் 10. டிசம்பர் 5 அன்று ஓட்டு. ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ரணில் விக்கிரமசிங்கவின் அணிக்கு 109 இடம், ஜனாதிபதியின் அணிக்கு 77. போரை நடத்திய ஜனாதிபதி பதவியில் இருக்க, பேசித் தீர்ப்போம் என்று சொன்னவர் பிரதமரானார்.

மறுபடி நம் ஊராட்சிக்கே வாருங்கள். செக்கில் தலைவர், துணைத்தலைவர் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும். இரண்டு பேரும் இரண்டு அணி என்றால் தெருவிளக்கு எரியாது, குழாயில் தண்ணீர் வராது. அவர்கள் சண்டையில் ஊர் காயும். 2002 முதல் 2004 வரை இலங்கை அப்படித்தான் இருந்தது. 2002 பிப்ரவரி 22 அன்று நார்வேயின் துணையோடு பிரதமர் போர்நிறுத்த ஒப்பந்தம் செய்தார், ஜனாதிபதியைக் கலந்துகொள்ளவில்லை. ஏ9 சாலை திறந்தது. பல ஆண்டு பார்க்காத உறவுகள் பார்த்துக்கொண்டன. 2003 நவம்பரில் பிரதமர் அமெரிக்காவில் இருந்தபோது ஜனாதிபதி பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் என்று மூன்று அமைச்சுகளைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். அடுத்த பிப்ரவரியில் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். ஏப்ரல் தேர்தலில் அவருடைய கூட்டணியே முன்னால் வந்தது. சண்டை நிறுத்தம் கொண்டுவந்தவரை அதே மக்கள் இரண்டரை ஆண்டுக்குள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இங்கே நின்று யோசிக்க வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். 2001ல் அவர்கள் வெறுத்தது போரையா? போரை என்றால், 2005 ஜனாதிபதித் தேர்தலில் மகிந்த ராஜபக்ச நூலிழையில் ஜெயித்து 2006ல் சண்டை மறுபடி வெடித்தபோது அந்த வெறுப்பு ஏன் எழவில்லை? 2009 மே மாதம் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்தபோது தெற்கின் தெருக்களில் பால்சோறு கொடுத்தார்கள். 2010 ஜனவரியில் மகிந்தவுக்கு 57 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு. சந்திரிகாவின் போரில் செத்தவர்களைவிட இந்தக் கடைசிப் போரில் அதிகம் செத்திருக்கலாம், விலைவாசியும் கொஞ்சமாக ஏறவில்லை. ஆனால் இது ஜெயித்த போர். 2001ல் பலர் வெறுத்தது ஜெயிக்காத போரை, நம்ப வைத்து ஜெயிக்காத தலைவரை. அந்த வெறுப்பால் நான்கு ஆண்டு துப்பாக்கி ஓய்ந்தது. அந்த நான்கு ஆண்டில் பிழைத்த உயிர்களுக்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் அதன் மேல் ஒரு சமாதானத்தைக் கட்ட முடியாது. ஜெயிக்கத் தெரிந்த ஒருவர் வந்ததும் அது கரைந்துவிடும். கரைந்தது.

தம்பி ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கோத்தபயவ மட்டும் எப்படிண்ணா ஓட விட்டாங்க?" என்றான்.

கோத்தபய ராஜபக்ச அந்தக் கடைசிப் போரின்போது பாதுகாப்புச் செயலாளர். அந்தப் பெயரை வைத்துத்தான் 2019ல் ஜனாதிபதியானார், 52 சதவீதம். அவரை விரட்டியது போர் இல்லை, பெட்ரோல் வரிசை, கேஸ் சிலிண்டர் வரிசை, பால் பவுடர் இல்லாத கடை. 2022 ஜூலை 9 அன்று சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. 13ம் தேதி நாட்டை விட்டுப் போய் 14ம் தேதி ராஜினாமா அனுப்பினார். அரசியல் சாசனத்தில் எழுதியிருந்த வழியில் எந்த ஜனாதிபதியையும் அதுவரை இறக்க முடிந்ததில்லை. 1991ல் பிரேமதாசவை இறக்க எடுத்த முயற்சியும் தோற்றது. ஆகவே சனம் சுவரேறிக் குதித்தது. ஆனால் அந்தப் போராட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. அந்த ஆண்டு மே 18 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் சிங்கள இளைஞர்களும் சேர்ந்து நின்று முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைத்தார்கள், நினைவுக் கஞ்சி வாங்கிக் குடித்தார்கள். எண்ணிக்கையில் அவர்கள் சிலர்தான். விசாகா தர்மதாச தொடங்கிய அந்தச் சின்ன வழியில் இருபது ஆண்டு கழித்து இன்னும் சிலர் நடந்தார்கள் என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

நிறைவேற்று ஜனாதிபதிப் பதவியை 1995 ஜூலை 15க்குள் ஒழிப்பேன் என்று சந்திரிகா வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். பதவி இன்னும் இருக்கிறது.

பெரியவர் ஒருவர் மலையிலிருந்து இறங்கி வந்து தீர்த்தத் தண்ணீர்ப் பாட்டிலைப் பெஞ்சில் வைத்தார். ராமர் தீர்த்தம். இந்த மலையின் கதை நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இலங்கையில் போர் முடித்துத் திரும்பிய ராமர் இங்கே சிவபூஜை செய்ய நினைத்தார். தண்ணீர் கொண்டுவரப் போன அனுமன் வரத் தாமதமானது. ராமர் பாறையில் அம்பு விட, தண்ணீர் கொட்டியது. தாமதமாக வந்த அனுமன் கோபித்துத் தன் கையிலிருந்ததை வீசியெறிந்தது தென்பெண்ணைக் கரையில் அனுமன்தீர்த்தமானது. ஜெயித்த போருக்குப் பிறகும் கையைக் கழுவ வேண்டியிருந்தது என்று இந்த மலை சொல்கிறது. "அம்மாவ ஒருதரம் மேல கூட்டிட்டுப் போனேன். கதையச் சொன்னேன். தண்ணிக்கு அடியில ரொம்ப நேரம் நின்னாங்க" என்றான் தம்பி.

அக்கா அவனிடம் கேட்டார்: "உங்கம்மா அந்த அம்மாவுக்கு ஓட்டுப் போட்டாங்களா?"

"இல்லக்கா. எங்க பக்கம் பெட்டியே வைக்கலையாம்."

"நீ இங்க போட்டிருப்பியே?"

"எனக்கு எங்கக்கா ஓட்டு?" என்றான். இந்த மாவட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவன், இங்கேயே படித்தவன். தாய் தகப்பன் இருவரும் இலங்கையர் என்பதால் இந்தியக் குடியுரிமை இல்லை. 2019ல் திருத்திய குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்குத்தான், இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு அதில் இடமில்லை. 2021 முதல் அகதி முகாம் என்ற பெயர் போய் மறுவாழ்வு முகாம் என்று ஆனது.

பிரஷ்ஷையும் வாளியையும் எடுத்துக்கொண்டு எழுந்தான். "இன்னைக்கு ரெண்டு ரூம் முடிச்சாகணும்ணா." தேர்தல் வந்தால் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் எங்களுக்கு வாக்குச்சாவடி.